இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளை

நம் மரபிற் பிறந்து தமிழுலகிற் புகழ் நிறுவிய பெரியோர்களின் சரித்திரங்களைச் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் எடுத்துரைத்தல் இம்மாத வெளியீட்டின் நோக்கங்களுள் ஒன்றாகும். அவ்வரிசையில் இம்முறை யாம் எடுத்துக்கொண்டவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள். இப்பெயரைக் கண்டவுடன் அன்பர்களுட் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். குல ஆசாரத்தை விட்டு வேற்றுச் சமயம் புகுந்த ஒருவரை நம் சங்கத்தின் ஏட்டில் வைத்துப் போற்றுதல் தகுமோ என்பது அவர்தம் ஐயமாகும். அவ்வையத்தை மறையாது முன்னே வைத்துக்கொண்டே இச்சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம்.

யாம் ஆசிரியத் தொழில் புரிந்து குடியிருக்கும் இடம் பேசின் பிரிட்ஜ். சென்னை சென்ட்ரல் நிலையத்திற் புறப்படும் இரயில் வண்டிகள் எம் வீட்டுக்கு அண்மையிலுள்ள சந்திப்பைக் கடந்தே செல்லும். அங்கே தண்டவாளங்கள் பிரிந்து, ஒரு பாதை வடக்கே கூடூர் நோக்கியும் மற்றொன்று மேற்கே அரக்கோணம் நோக்கியும் போகின்றன. ஒரே நிலையத்தில் அருகருகே நின்று வண்டி ஏறியவர் இவ்விடத்தில் தம்முட் பிரிகின்றனர். அவ்வாறு பிரிந்து போவாரை ஒருவரும் பகைவர் என்று எண்ணுவதில்லை. சமயத்தின் பொருட்டுப் பிரிந்தவரிடத்து மட்டும் நாம் வேறு விதமாக நடந்துகொள்வது ஏன் என்னும் வினா, அவ்வண்டிகளின் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எம் உள்ளத்தில் எழுவதுண்டு. அதற்குக் காரணம் ஒன்று உளது. அதனை ஈற்றிற் கூறுவோம்.

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிக்கு அணித்தாயுள்ள கரையிருப்பு என்னும் ஊரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். குடும்பம் வைணவ சமயத்தைச் சார்ந்த வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவராதலால், மைந்தருக்கும் இளமையிலேயே கம்பநாடர் கவியின் சுவை செவிவழிப் புகுந்து நெஞ்சில் நிலைபெற்றது. பின்னர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரை அடுத்து இலக்கண இலக்கியங்களை முறையே கற்றுத் தேர்ந்தார். அக்காலத்து நம் குடிகளிற் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வி என்பது ஒரு பாடமன்று. வீட்டுச் சொத்துக்களுள் ஒன்று. நிலமும் நீரும் போல அதுவும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. அச்சொத்தைக் கிருஷ்ண பிள்ளை குறைவறப் பெற்றார்.

இளம்பருவத்திலேயே புலமையாற் பெயர் பெற்ற அவர்க்கு, 1853ஆம் ஆண்டில் சாயர்புரத்திலிருந்த கிறிஸ்தவக் கலாசாலையில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சாயர்புரம் ஜி. யு. போப் ஐயர் கல்விநிலையம் நிறுவிய ஊர். கிருஷ்ண பிள்ளையை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் ஐயர். கிறிஸ்தவக் கலாசாலைக்கு வைணவர் ஒருவர் ஆசிரியரானது வியப்பன்று. பாதிரிமார்க்குத் தமிழ் கற்பிக்கவல்ல புலவர் வேண்டியிருந்தது. புலவர்க்குச் சீவனத்துக்கு வழி வேண்டியிருந்தது. கிருஷ்ண பிள்ளை அங்கே வைணவராகவே புகுந்தார். வைணவராகவே பாடஞ் சொன்னார். கிறிஸ்து சமயத்தின்மேல் அவர்க்கு அன்று பற்றில்லை, வெறுப்பே மிகுந்திருந்தது.

அவ்வெறுப்பு எங்ஙனம் மாறியது என்பதை அவரே பிற்காலத்தில், கிறிஸ்தவனான வரலாறு என்னும் பெயரால் எழுதி வைத்தனர். மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. தனுக்கோடி ராஜு என்னும் நண்பர் அவர்க்கு முன்னரே கிறிஸ்து சமயத்திற் புகுந்தவர். அவரோடு கூடிப் பேசியதாலும், கிறிஸ்தவ நூல்களைப் படித்ததாலும், கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்தில் ஒரு கலக்கம் தோன்றியது. தாம் பாபி என்னும் உணர்ச்சியே அக்கலக்கம். பிறர் அறியத் தாம் செய்த குற்றம் ஒன்றும் இல்லாதிருந்தும், தம் நெஞ்சு தமக்கே சாட்சியாக நின்று தம்மைக் குற்றவாளியாக்குவதை அவர் உணர்ந்தார். இதனை எவ்வாறு போக்குவது என்பதே அவர் இரவும் பகலும் ஆராய்ந்த பொருள்.

இங்கே நாம் ஒன்று சிந்தித்தல் வேண்டும். தன் முயற்சியால் தன்னைத் தூயனாக்கிக்கொள்ள இயலாதவன் இறைவன் திருவடியிற் சரண் புகுதலே வழி என்பது வைணவத்துக்குப் புதியதன்று. சரணாகதி என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த வீடு அவர் வீடு. ஆதலின், அருளால் உய்தல் என்னும் கருத்தை அவர் அயல்நாட்டாரிடம் புதிதாகக் கற்றார் என்பது பொருந்தாது. அக்கருத்தைத் தாயின் மடியிலேயே பெற்றவர், அதற்குரிய மூர்த்தியாகக் கிறிஸ்துவைக் கண்டார் என்பதே பொருந்தும். அவர் கொண்ட முடிபை ஏற்பதும் ஏலாமையும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அவர் உள்ளத்து நேர்மையை மறுத்தற்கு இடமில்லை.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆம் நாள், முப்பத்தொரு பிராயம் நிரம்பும் தறுவாயில், அவர் சென்னை மயிலாப்பூரிலுள்ள தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அக்காலத்துச் சென்னையை நினைத்துப் பார்க்குங்கால், எம் வடசென்னையில் இராயபுரத்து இரயில் நிலையம் திறக்கப்பட்டு இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரையிற் போடப்பட்ட அவ்விருப்புப்பாதையே தென்னாட்டிற் பிரயாணிகள் வண்டி ஓடிய முதற் பாதை. திருநெல்வேலிச் சீமைக்கு அன்று இரயில் எட்டவில்லை. பல நாட்பட்ட வழிப்பயணம் செய்தே அங்கிருந்து இங்கு வருதல் வேண்டும். கிருஷ்ண பிள்ளை வந்த பயணமோ வழித்தொலைவால் மட்டும் அளக்கத்தக்கதன்று. வந்த வழியே அவர் ஊர் திரும்பலாம். முன்பிருந்தபடி வீடு திரும்புதல் இயலாது.

ஞானஸ்நானம் பெற்றோன் ஒருவனுக்கு அந்நாளில் நேர்ந்தது யாதென்பதை இளைஞர் அறியார். உறவினர் பந்தியில் அவனுக்கு இலை போடார். நன்மை தீமைகளுக்கு அழையார். பெற்றோர்க்கு ஈமக்கடன் செய்யும் உரிமையும் அவனுக்கு இல்லை. 1850ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் இயற்றிய 21ஆம் சட்டம், சமயம் மாறியவனும் சாதியினின்று நீக்கப்பட்டவனும் தன் சொத்துரிமையை இழத்தல் கூடாதென்று விதித்தது. சட்டம் நிலத்தை மீட்டுத் தரும். பந்தியில் ஓர் இலையை மீட்டுத் தர எச்சட்டத்தாலும் ஆகாது. இவையெல்லாம் நேருமென்று அறிந்தே கிருஷ்ண பிள்ளை அவ்வழியிற் சென்றார். அவர் தம்பி முத்தையா பிள்ளையும் கிறிஸ்தவரானார்.

சென்னையிற் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையிற் கிருஷ்ண பிள்ளை சிறிது காலம் துணைபுரிந்தார். பின்னர்த் தென்னாடு மீண்டு, பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழாசிரியராக இருந்தார். புகழுக்குரிய தொழில் என்று உலகம் அதனைக் கருதுவதில்லை என்பதை எம் போன்ற ஆசிரியர் நன்கறிவோம். பகலிற் பாடஞ் சொல்லி, எஞ்சிய பொழுதில் அவர் செய்த வேலையே அவரை இன்றளவும் வாழ்விக்கின்றது. அவ்வேலையே இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியம்.

அக்காப்பியத்துக்கு முதனூல் செய்தவர் இங்கிலாந்து தேசத்தவராகிய ஜான் பனியன். அவர் 1628ஆம் ஆண்டிற் பெட்போர்டு நகருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளி. மைந்தரும் அத்தொழிலையே செய்தார். பெரும் கல்வி பயின்றவரல்லர். அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்னும் குற்றத்துக்காக 1660ஆம் ஆண்டு முதற் பன்னிரண்டாண்டுகள் சிறையிலிருந்தார். அவர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதை 1678ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலகத்துப் பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டுள்ளது. எம் பேட்டைக்கு நடை தூரத்திலுள்ள வேப்பேரியில், 1793ஆம் ஆண்டிலேயே ஆங்கிலமும் தமிழும் ஒரு பக்கத்தில் எதிரெதிரே நிற்குமாறு அது அச்சாயிற்று என்பது நம் ஊரார் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

கதையின் சுருக்கம் இது. நாசத்துக்குக் குறிக்கப்பட்ட நகர் ஒன்றிலே ஒருவன் கையில் ஒரு புத்தகத்தோடும் முதுகில் ஒரு பெருஞ்சுமையோடும் நின்று அழுகின்றான். அச்சுமை அவன் பாபம். உய்யும் வழி யாதென ஒரு பெரியவரைக் கேட்டு, அவர் காட்டிய திசையில் ஓடுகின்றான். அயலார் இருவர் அவனைத் திருப்பி அழைத்துவரப் பின்தொடர்கின்றனர். ஒருவன் வன்னெஞ்சன், இவனைப் பித்தன் என்று இகழ்ந்து திரும்பிவிடுகின்றான். மற்றவன் மென்னெஞ்சன், உடன் வர இசைந்தும், முதற் சேற்றில் விழுந்தவுடன் வீட்டுக்கு ஓடிவிடுகின்றான். யாத்திரிகனோ சேற்றினின்று ஏறி, இடுக்கமான வாயிலிற் புகுந்து, சிலுவையின் அடியை அடைகின்றான். அங்கே அவன் அவிழ்க்காமலே சுமை தானே கழன்று உருண்டு மறைகின்றது. கதை அங்கு முடியவில்லை. சுமை போனபின்பும் மேடும் பள்ளமும் இருளும் உள. ஆசைப் பொருள்களை விற்கும் சந்தை ஒன்றில் அவன் தோழன் கொல்லப்படுகின்றான். அவநம்பிக்கை என்னும் அரக்கன் கோட்டையில் அவனே சிறைப்படுகின்றான். ஈற்றில் ஓர் ஆற்றைக் கடந்தே மோட்ச நகரை எய்துகின்றான்.

இக்கதையைக் கிருஷ்ண பிள்ளை வெறும் மொழிபெயர்ப்பாகச் செய்தாரல்லர். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களாக வகுத்து, 3,700க்கு மேற்பட்ட விருத்தங்களாற் காப்பியமாக்கினார். பாளையங்கோட்டையில் வெளிவந்த நற்போதகம் என்னும் மாதப் பத்திரிகையில் அது பதின்மூன்றாண்டுகள் தொடர்ந்து வந்தது. 1894ஆம் ஆண்டு மே மாதத்திற் புத்தக வடிவம் பெற்றது. மாதந்தோறும் ஓர் ஏட்டுக்கு எழுதுதல் எத்துணை வருத்தமென்பதை இவ்விதழுக்கு எழுதும் யாம் அறிவோம். பதின்மூன்றாண்டு மனந்தளராது பாடிய உறுதியை நினைக்குங்கால் கைகூப்பத் தோன்றுகின்றது.

முதனூலில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்த இடமே காப்பியத்தின் உயிர்நிலை. பனியனார் நூலிற் சிலுவை வழியில் ஓரிடத்தில் நிற்கின்றது. அதில் மாண்டவர் வரலாறு அங்கே விரித்துரைக்கப்படவில்லை. அவர் நாட்டார் அதனை அறிந்தவராதலின் விரிக்க வேண்டியதில்லையாயிற்று. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒன்று வகுத்து, கிறிஸ்துபெருமான் பிடிபட்டதும், ஏளனப்பட்டதும், பகைவர்க்காக மன்றாடியதும் ஆகிய வரலாற்றை விரித்துப் பாடினார். அப்படலத்தைப் படிப்போர், சுமை கழன்றது ஒரு மாயத்தால் அன்று, அதனை வேறொருவர் ஏற்றுச் சுமந்தமையால் என்பதை உணர்வர். கம்பநாடர் காட்டிய உருக்கமெல்லாம் அங்கே வந்து நிற்கின்றது. அன்றியும், காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் அமைத்தார். வைணவ வீட்டிற் பிறந்து, சைவர் இட்ட பெயரை எடுத்து, கிறிஸ்துவைப் பாடினார். இதனாலன்றோ அறிஞர் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என அழைத்தனர்! அவர் பழைய வீட்டைத் துறந்தவர் என்பார், அவர் எடுத்துச் சென்றது எத்துணை என்பதை எண்ணினாரல்லர்.

இன்னுமொன்று நம் சங்கத்தார்க்கென்றே கூறவேண்டும். வேளாளர் குடியிற் பிறந்து, இலக்கண இலக்கியங்களிற் கரைகண்ட ஒரு புலவர், தமக்கு வழிகாட்டியாகக் கொண்டது யாரை? ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் ஒரு தொழிலாளியை. அத்தகையோன் நம் தெருவில் வந்தால் திண்ணையில் ஏறவும் நாம் ஒருப்படாத காலம் அது. அவன் கதையை இப்புலவர் தம் தலைமேற் கொண்டு, வாழ்நாளின் சிறந்த பகுதியை அதற்கே அளித்தார். பாபச் சுமைக்குக் குலம் இல்லை; அதனை இறக்கி வைத்தவன் சொல்லுக்கும் குலம் பார்த்தல் அறிவாகாது. கல்விச் செருக்கும் குலச் செருக்கும் அச்சுமையிற் கட்டுண்டு கிடப்பனவே என்பதை அவர் தம் செயலாற் காட்டினார்.

கதையில் எம் மனத்தை வருத்திய இடம் ஒன்றுண்டு. யாத்திரிகன் ஓடத் தொடங்குங்கால் மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு கூவுகின்றனர். அவன் செவிகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். இல்லறத்தை உயர்வாகக் கொண்ட நமக்கு இது கொடுமையாகத் தோன்றும். பனியனாருக்கும் அது உறுத்தியிருத்தல் வேண்டும். 1684ஆம் ஆண்டில் அவர் இரண்டாம் பகுதி ஒன்று எழுதி, அம்மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்தி அதே நகரிற் கொண்டு சேர்த்தார். போனவன் ஒருவன் பொருட்டு வீட்டார் கதவை அடைத்திருந்தாராயின், அவ்விரண்டாம் பகுதிக்கு இடமேது? பிரிவு என்பது போகிறவன் செயலால் மட்டும் முற்றுப் பெறுவதன்று. இருக்கிறவர் செயலாலும் முற்றுப் பெறுகின்றது.

காப்பியம் வெளிவந்தபின் கிருஷ்ண பிள்ளை ஓய்ந்திருந்தாரல்லர். இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப் பாடற்றொகுதி 1899ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1900ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் பிராயத்தில், அவரும் யாத்திரையை முடித்தார். அவர் பாடிய விருத்தங்கள் இன்று பள்ளிப் பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தில் உள்ளன. எம் வகுப்பிலே அவற்றைக் கற்பிக்குங்கால், நாமம் தரித்த பிள்ளையும் நீறு பூசிய பிள்ளையும் தொழுகைக்குச் செல்லும் பிள்ளையும் சேர்ந்து அவற்றை ஓதுதலைக் கேட்கின்றோம். எவரும் இவை பிறர் பாடல்கள் என்று விலக்குவதில்லை.

முன்னர்ச் சொல்லுவதாக நிறுத்திய காரணத்தை இப்பொழுது கூறுவோம். எம் அத்தை ஒருவருக்குத் தலைமகனாய்ப் பிறந்த அத்தான், பல்லாண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றுத் தனியே வாழ்ந்து வந்தார். அத்தை காலமான அன்று செய்தி கேட்டு வந்தார். பாடைக்கு அருகில் அவர் நிற்கலாகாது என்று பெரியவர்கள் தீர்மானித்தனர். இளையவரே கொள்ளி வைத்தார். அத்தான் தெருவின் எதிர்ப்புறத்தில், வெயிலில், தாயை எடுக்குமளவும் நின்றார். பின்னர் ஒரு சொல்லும் பேசாமற் சென்றுவிட்டார். யாமும் அன்று அங்கிருந்தோம். தமிழ் கற்றவர், நாலு பேருக்கு நியாயம் சொல்லத் தக்கவர் என்று எம்மையும் ஒரு நாற்காலியில் இருத்தியிருந்தனர். யாம் வாய் திறந்தோமில்லை.

அன்று முதல் எம் முதுகிலும் ஒரு சுமை ஏறியது. இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் அது கனக்கின்றது. கிறிஸ்து சமயத்தை யாம் மேற்கொண்டோமில்லை. மேற்கொள்ளும் எண்ணமும் இல்லை. எனினும் குற்றம் இன்னதென்று அறிந்து, அதனை ஒளியாமல், உரியவர் முன் சென்று நிற்பதே முதலடி என்பதைக் கிருஷ்ண பிள்ளையிடம் கற்றோம். இவ்விதழ் அச்சாகி வந்தவுடன் அதன் பிரதி ஒன்றைக் கையிற் கொண்டு, இராயபுரத்தில் வாழும் அத்தான் வீட்டுக்குச் செல்ல இருக்கின்றோம். அவர் கதவைத் திறப்பாரோ, அடைப்பாரோ, அஃது அவர் உரிமை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இத்தகைய அத்தானோ, அண்ணனோ, மகளோ இல்லாத வீடு அரிது. அவர்களை நினைந்து இச்சரித்திரத்தை வீட்டார் கேட்க ஒரு முறை படிக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு எழுதுங்கால், விட்டுப்போன பெயர் ஒன்றையும் சேர்த்து எழுதுவார்களாயின், கிருஷ்ண பிள்ளையை நம்மவர் என்று நாம் உரிமை கொண்டாடுவதில் அருத்தம் இருக்கும்.